இடிந்த கோயிலில் இறைவன் இருக்கிறானா?

தமிழகத்துக் கோயில்களின் காலத்தை அவற்றின் கல்லைக் கொண்டே கணிக்க முனைந்த முன்னோடிகளில் ஒருவர் கப்ரியேல் ழுவோ துப்ரேய். 1885-இல் சைகோனில் பிறந்த பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கும் சீயமங்கலம், மாமண்டூர் குடைவரைகளும் அவர் ஆராய்ந்த பல்லவச் சின்னங்களில் அடக்கம். தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய நூல் 1914-இல் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. ஒன்று கட்டடக்கலைக்கு, மற்றது திருவுருவங்களுக்கு.

கல்வெட்டு ஒரு கொடையின் காலத்தைச் சொல்லும். அது பொறிக்கப்பட்ட சுவரின் வயதை எப்போதும் சொல்லாது. எனவே துப்ரேய் தூணின் போதிகை, கூரை விளிம்பின் கூடு போன்ற உறுப்புகள் நூற்றாண்டுதோறும் எப்படி உருமாறின என்று வரிசைப்படுத்தினார். அந்த உறுப்புகளின் பெயர்களையும் இலக்கணத்தையும் உயிரோடு இருந்த ஸ்தபதிகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். இடிபாடுகளைப் படிக்கும் கலையை அழியாத ஒரு மரபிடம் கற்றார் என்பது அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதன்மையான செய்தி.

1931-இல் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்கள் இருப்பதை அவர் கண்டறிந்தார். சமயத்துக்கும் தொல்லியலுக்கும் இடையிலான வழக்கு இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. கோயில் மரபில் சுவருக்குப் புதிதாகப் பூசுவது திருப்பணி, புண்ணியம். ஆய்வாளருக்கோ அந்தப் பூச்சு சுரண்டி எடுக்க வேண்டிய திரை. பூசியவரும் சுரண்டியவரும் கோயிலைக் காப்பதாகவே நினைத்தார்கள்.

ஆகமங்கள் இதில் தெளிவாகப் பேசுகின்றன. கல்லும் செம்பும் கொள்கலங்கள். ஆவாகனத்தால் இறையாற்றல் அவற்றில் எழுந்தருளுகிறது. திருப்பணி தொடங்கும்போது கலாகர்ஷணம் செய்து அந்த ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதி அமைப்பார்கள். பணி முடிந்து குடமுழுக்கில் மீண்டும் உருவத்துக்குச் சேர்ப்பார்கள். பின்னமான மூர்த்தியை நீக்கிப் புதியதைப் பிரதிஷ்டை செய்வதும் முறைதான். சிதைந்ததைச் சிதைந்தபடியே போற்றுவதற்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. ஜீர்ணோத்தாரணம் என்றாலே பழுதுபட்டதை எடுத்து நிறுத்துவது.

இதனால் மரபுக்குப் பழமையில் அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகள் முதலில் படி எடுக்கப்பட்டன. இராசேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. சுவர் போகலாம், சொல் போகக் கூடாது. பெரியபுராணத்தில் பழையாறை வடதளியில் மறைக்கப்பட்ட லிங்கத்தைக் காணாமல் உண்பதில்லை என்று அப்பர் கிடந்ததும் ஒருவகை அகழ்வுதான். அவர் தேடியது காலக்கணக்கை அல்ல, வழிபடும் மூர்த்தியை.

துப்ரேயின் வாழ்வில் நெருடும் பகுதி வேறொன்று. காஞ்சிப் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினிச் சிற்பங்களை அவர் 1926-இல் பாரிஸின் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவுக்கு அனுப்பினார். ஒரே கோயிலில் வட்டமாகவோ வரிசையாகவோ அமர்ந்திருக்க வேண்டிய தேவியர் இன்று வாஷிங்டன், மினியாபோலிஸ், டெட்ராய்ட், டொராண்டோ, லண்டன், பாரிஸ் என்று பிரிந்து கிடக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் அவர்களைக் காப்பாற்றிவிட்டார் என்பது ஒரு வாதம். அது அரை உண்மை. யோகினிக்குத் தனியாகப் பொருள் கிடையாது. கூட்டம்தான் அவளுடைய கோயில். கப்பலேற்றுவதற்கு ஆகமத்தில் சடங்கும் இல்லை.

வழிபாடு நின்ற இடத்தில் தெய்வத்தின் உரிமையும் நின்றுவிடுகிறதா என்ற கேள்வியை லண்டன் நீதிமன்றமே சந்திக்க நேர்ந்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட நடராசர் செப்புத் திருமேனி கடத்தப்பட்டு லண்டனை எட்டியது. இடிந்து பாழான பத்தூர்க் கோயிலே வழக்காடும் தரப்பாக நின்றது. பாழடைந்த நிலையிலும் அது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்பது ஏற்கப்பட்டது. 1991-இல் நடராசர் திரும்பினார். ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை மண்ணில் மறைத்து வைக்க ஆகம நூல்களே வழி சொல்வதால், புதைந்திருப்பது கைவிடப்பட்டிருப்பதாகாது என்பது மரபுக்குப் புதிய செய்தி அல்ல.

வழிபாடு நடக்கும் கோயிலில் இதே கேள்வி தலைகீழாக எழும். 2002-இல் இந்தியத் தொல்லியல் துறை திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கோயிலை விளங்கிக்கொள்ளத் தொல்லியல் செய்த உதவி சிறிதல்ல: 9-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலம் தொடங்கி அதன் சுவர்களில் சேர்ந்த கல்வெட்டுகள் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனங்களின் முயற்சியில் பதிப்பாகியிருக்கின்றன. ஆனால் நினைவுச்சின்னம் என்ற சொல் முடிந்துபோன ஒன்றைக் குறிக்கிறது. அங்கே தினமும் ஆறு காலப் பூசை நடக்கிறது. ஆய்வுக்கு இசைந்த ஊர் அந்தச் சொல்லுக்கு இசையாததில் நியாயம் இருந்தது.

தொல்லியல் துறை பின்வாங்கியது, கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடமே தொடர்ந்தது. 2017 பிப்ரவரி 6 அன்று அங்கே குடமுழுக்கு நடந்தது.