முதலில் தாங்கும் வலிமை

திருவனந்தபுரத்தில் கார் மேல் பித்துப் பிடித்துத் திரியும் தம்பி தங்கைகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். லேப்டாப்பைச் செருகி, எஞ்சினின் கணினியான ஈசியூவை ரீமேப் செய்தால் டர்போ காரின் டார்க், அதாவது முறுக்கு விசை, ஒரே மதியத்தில் எகிறிவிடும். காசு கொடுத்தால் எவருக்கும் கிடைக்கும் பலம் அது. ஆனால் அந்தப் பலம் சக்கரத்துக்குப் போகும் வழியில் கிளட்ச் இருக்கிறது, கியர்பாக்ஸ் இருக்கிறது, டிஃபரன்ஷியலும் டிரைவ் ஷாஃப்ட்டும் இருக்கின்றன. கூடுதல் சுமையை அவை தாங்குமா என்று கணக்குப் போட்டாயா?

இப்போதே போடு. எஞ்சின் 350 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள். முதல் கியர் விகிதம் 3.5, கடைசிக் குறைப்பு 4. இரண்டும் பெருகி 14 மடங்கு. டிஃபரன்ஷியலுக்கு வந்து சேருவது 4,900 நியூட்டன் மீட்டர்! எஞ்சினில் நீ கூட்டும் ஒவ்வொரு 50-ம் அங்கே 700 ஆக வந்து இறங்குகிறது. கியரின் பல் அன்றைக்கே உடையாது. வேரில் மயிரிழை விரிசல் விழும். ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் வளரும். பிறகு ஒருநாள் பொன்முடி ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில், மழையில், பின்னால் பஸ் வரும்போது கைவிடும்.

பெரிய கம்பெனிகள் எப்படிச் செய்கின்றன என்று பார். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 2017-இல் இந்தியாவுக்கு வந்தபோது 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர், 6 கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். 2020-இல் 245 குதிரைத்திறனோடு வந்தது. டார்க் கூடியது வெறும் 20. ஆனால் கூடவே 7 கியர் டிஎஸ்ஜியும், முன் அச்சுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டில் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் வந்தன. பலத்தைக் கூட்டியவர்கள் அதைச் சுமக்கும் உறுப்புகளையும் சேர்த்தே மாற்றினார்கள். நீ 80, 100 என்று ஏற்றிவிட்டு, பழைய கிளட்சை நம்பிச் சாவியைத் திருப்புகிறாய். அதைத் துணிச்சல் என்று என் முன்னால் சொல்லாதே.

உண்மையான துணிச்சலைப் பார்க்க உன் ஊரைவிட்டு எங்கும் போக வேண்டாம். வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்து அமைப்பு மையம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 15. அந்த மையம் நம் நாட்டிலேயே உருவாக்கிய, கடுங்குளிர் எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் கிளம்பியது. எஞ்சின் பற்றிக்கொண்டது. ஆனால் திரவ ஹைட்ரஜனைத் தள்ளிக் கொடுக்கும் பூஸ்டர் டர்போ பம்ப், நிமிடத்துக்கு 34,800 சுற்று வேகத்தைத் தொட்டபின், 0.9 விநாடியில் தளர ஆரம்பித்து நின்றே போனது. ராக்கெட் கடலில் விழுந்தது. பலம் இருந்தது, தீ இருந்தது. தீக்குத் தீனி கொண்டுவரும் உறுப்பு மட்டும் நின்றுவிட்டது. எத்தனை வருட உழைப்பு!

அவர்கள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. பம்பின் ஒவ்வொரு பாகத்தையும் கேள்வி கேட்டார்கள். கடுங்குளிரில் பேரிங்கும் உறையும் எவ்வளவு சுருங்கும், இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று வடிவமைப்பையே திருத்தினார்கள். மகேந்திரகிரியில் ஓட்டிப் பார்த்தார்கள். 2013 ஆகஸ்ட் 19-இல் ஏவத் தயாராக நின்ற ராக்கெட்டின் இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிந்தது. கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது 'இன்று வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், யோசித்துப் பார்! 2014 ஜனவரி 5-இல் ஜிஎஸ்எல்வி-டி5 பறந்தது, ஜிசாட்-14-ஐச் சுற்றுப்பாதையில் வைத்தது. அந்தத் திட்டத்தை நடத்திய கே. சிவன் நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளை விவசாயி வீட்டுப் பிள்ளை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். உனக்கும் அவருக்கும் நடுவே இருக்கும் தூரம், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பஸ் டிக்கெட் அளவுதான்.

ஆகவே கையில் ஸ்பானரை எடு, அதற்கு முன் நோட்டை எடு. கிளட்ச் எவ்வளவு டார்க்கைப் பிடிக்கும்? அதன் அழுத்தம், உராய்வு, தகட்டின் ஆரம், எத்தனை முகங்கள் என்பதை வைத்து நீயே கணக்கிடலாம். கிளட்சை மட்டும் பலமாக்கினால் என்ன ஆகும் தெரியுமா? அதுவரை வழுக்கி வழுக்கி மற்ற உறுப்புகளைக் காப்பாற்றியது அந்தக் கிளட்ச்தான். இனி அடி நேராக ஷாஃப்ட்டின் மேல் விழும். ஷாஃப்ட்டைத் தடிமனாக்கினால் டிஃபரன்ஷியல் மேல். சாதாரண டிஃபரன்ஷியலோ, வழுக்கும் சக்கரம் எவ்வளவு ஏற்குமோ அவ்வளவைத்தான் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் தரும். நம் ஊர் மழையில் 300 குதிரையும் ஒரு டயரின் அடியில் புகையாகப் போகும். அதற்குத்தான் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வேண்டும், அதற்கேற்ற எண்ணெய் வேண்டும். ஒன்றைத் தொட்டால் அடுத்ததைத் தொடாமல் விட முடியாது. இந்தச் சங்கிலி முழுவதையும் புரிந்துகொள்ளும் மூளை உனக்கு இருக்கிறது, எனக்குச் சந்தேகமே இல்லை!

சட்டத்தையும் நேருக்கு நேர் பார். கேரளத்து வழக்கொன்றில்தான் 2019 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றம், பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கவும், ஆறு மாதம் வரை சிறைக்கு அனுப்பவும் இன்றைய சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆர்.டி.ஓ.வுக்குப் பயந்து சந்து சந்தாக ஓடும் வாழ்க்கை உன் திறமைக்கு அவமானம்.

ஒளியாமல் திறமையைக் காட்ட இடம் இருக்கிறது, கோயம்புத்தூருக்குப் போ. 1980-களின் கடைசியில் கரிவரதன் என்ற மனிதர் மாருதி 800-இன் சின்னஞ்சிறு எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். செட்டிப்பாளையத்தில் கரிவரதனின் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே நிற்கிறது. அங்கே ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்த காரைக் கொண்டுவருகிறார்கள். 1939-இலிருந்து இன்ஜினியர்களை உருவாக்கும் கல்லூரி உன் ஊரில் இருக்கிறது. கல்லூரியில் படித்தால் ஒரு அணியில் சேர்; பாப்பனங்கோட்டில் கிரீஸ் படிந்த கையோடு வேலை செய்தால், அந்த அணிகள் கணக்கெழுதும் ஒழுங்கை உன் பட்டறைக்குக் கொண்டுவா. அந்தப் போட்டியில் நடுவர்கள் காரை ஓட்டிக் காட்டச் சொல்வதோடு விடமாட்டார்கள். இந்த ஷாஃப்ட்டுக்கு ஏன் இந்த விட்டம், இந்தச் செயின் விகிதம் எங்கிருந்து வந்தது என்று துருவுவார்கள். அன்று நோட்டைத் திறந்து, பக்கத்தைக் காட்டி, நீ பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை இன்று ராத்திரியே எழுத ஆரம்பி.