கவிழாத படகு

2002-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் விடியற்காலையில், கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் மரப்படகு ஒன்று மூழ்கியது. முகம்மாவிலிருந்து குமரகத்திற்குச் செல்லும் அரசுப் பயணப் படகு அது. அரசுப் பணித் தேர்வு எழுதச் சென்ற இளைஞரும், அன்றாடப் பிழைப்பிற்காக அக்கரை செல்வோரும் அளவுக்கு மீறி அதில் ஏறியிருந்தனர். 29 உயிர்கள் மாண்டன. கைக்குழந்தை ஒன்றும் அவற்றுள் அடக்கம்.

அச்செய்தியைப் படித்த அன்று நமக்கு உணவு செல்லவில்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டபோதும் அவ்வாறே ஆயிற்று. இதன் காரணத்தை இதுகாறும் எவரிடமும் நாம் கூறியதில்லை.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் பள்ளியொன்றில் நாம் பணியாற்றி வந்த காலம். 1979-இல் மாணவியரைக் கீழைக் கடற்கரையில் ஒரு காயலுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ஒரு முதியவரிடம் சிறிய பாய்மரப் படகு இருந்தது. "எட்டுப் பேருக்கு மேல வேண்டாங்க டீச்சர், காத்து மாறுற நேரம்" என்றார். எட்டுச் சிறுமியர் ஏறிவிட்டனர். கரையில் நின்ற மூவர் அழத் தொடங்கினர். "சிறு பிள்ளைகள்தாமே, என்ன எடை இருந்துவிடப் போகிறது?" என்று கூறி அவர்களையும் ஏற்றி, நாமும் ஏறினோம். முதியவர் மறுக்கவில்லை. ஆசிரியை சொல்லும்போது மறுத்துப் பழகியவர் அல்லர் அவர்.

பாரம் கூடினால் படகின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கிவிடும். மற்ற வேளையில் தீங்கு செய்யாத சாய்வும் அப்பொழுது நீரை உள்ளே விடும். புகுந்த நீர் தாழ்ந்த பக்கமே ஓடித் தேங்கிச் சாய்வை மேலும் மிகுவிக்கும். நடுக்காயலில் காற்று திரும்பியபோது இவை யாவும் நம் கண்முன் தொடங்கின. சிறுமியரின் பாவாடைகள் நனைந்தன. முதியவர் பாய்க்கயிற்றைச் சட்டென்று கைவிட்டார். காற்றை இழந்த பாய் படபடத்தது, படகு நிமிர்ந்தது. பிள்ளைகள் விளையாட்டென்று எண்ணிச் சிரித்தனர். அவர் ஒரு தகரக் குவளையால் நீரை இறைத்துக்கொண்டே கரை சேர்த்தார். கூலியை வாங்கும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளியில் தலைமையாசிரியை நம்மைப் பாராட்டி, "பிரமாதம்!" என்றார்.

அச்சொல்லை நாம் சிறப்பு என்னும் பொருளில் வழங்குகிறோம். ஆகமங்களில் அதன் பொருள் சோர்வு, கவனமின்மை. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, சோர்வுற்ற மனமொழிமெய்களால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்கிறது. புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திரர் இன்னும் ஒரு படி செல்கிறார். விழிப்புடன் ஒழுகுபவனால் தற்செயலாய் ஓர் உயிர் நீங்கினும் அது இம்சை அன்று. சோர்வுடையவன் செயலிலோ, உயிர் நீங்கினும் நீங்காவிடினும் இம்சை முன்செல்கிறது என்பது அவர் கருத்து.

இது கடுமையான தீர்ப்பு என்று பல்லாண்டுகள் நாம் எண்ணியிருந்தோம். நேராத தீங்கிற்கு எந்த நீதிமன்றம் தண்டனை அளிக்கிறது? பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டின் துயரையும் நம் மன உறுத்தலையும் ஒரே தட்டில் வைப்பது அத்துயரை இழிவுபடுத்துவது ஆகாதா? ஆகும் என்றே இன்றும் கருதுகிறோம். துயரம் வேறு, வினை வேறு. ஆனால் அந்த மூன்று சிறுமியரைக் கைதூக்கி ஏற்றிய கணத்தில் நம் நெஞ்சில் இருந்தது யாது? கரையில் எழுந்த அழுகை ஓயவேண்டும் என்னும் அவசரமே. அளவுக்கு மீறி ஆளேற்றும் எவர் நெஞ்சிலும் இருப்பதிலிருந்து அது எவ்வகையில் வேறு? பின்பு வீசிய காற்றின் அளவு நம் நற்குணத்தால் குறைந்ததன்று.

மற்றொன்றும் உண்டு. படகு கவிழ்ந்திருந்தால் காவலர் முதலில் தேடியிருப்பது அம்முதியவரையே. எட்டுப் பேர் என்று அளவு சொன்னவர் அவர், மீறியவர் நாம்.

சென்ற பங்குனியில் சித்தன்னவாசல் சென்றிருந்தோம். மங்கிப்போன தாமரைக் குளத்து ஓவியத்தை அண்ணாந்து நோக்கி நின்றபோது ஓர் அம்மையார் நம் கைகளைப் பற்றிக்கொண்டார். அம்மூவருள் ஒருவர்; இன்று பேரன் பேத்தி எடுத்தவர். "அந்தப் படகுப் பயணத்தை மறக்கவே முடியாது டீச்சர், நீங்கள்தான் என்னையும் ஏற்றிவிட்டீர்கள்" என்று மகிழ்ந்து கூறினார். அன்று நாம் ஒன்றும் சொல்லாமல் திரும்பினோம். முகவரி வாங்கி வைத்திருக்கிறோம். இவ்விதழின் படி ஒன்று அவருக்குச் செல்லும்.