பத்துச் சாமான் வரிசை



பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறர் குற்றங்களைக் கேட்பது எமது பணி. இன்று அதை மாற்றி, என்னுடைய குற்றமொன்றை உங்கள் முன்னிலையில் சொல்லிவிடுகிறேன். சிறிய குற்றந்தான், சிரிக்கவும் செய்வீர்கள். அன்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பே குற்றத்தின் பெரும் பகுதி.

கடந்த தவக்காலத்திலே எம்மவர்க்குத் தியானம் கொடுப்பதற்காக இலண்டன் சென்றிருந்தேன். புறநகர் ஒன்றிலே, யாழ்ப்பாணத்திலிருந்து சென்று குடியேறிய ஒரு குடும்பத்தினரின் வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை மாலை தியானம் முடிந்து திரும்பும் வழியில், வாரத்துக்கு வேண்டிய சாமான் வாங்கவென்று பெரியதொரு சுப்பர் மார்க்கட்டுக்குள் நுழைந்தோம். வீட்டுக்காரர், அவருடைய மூத்த மகள், ஒன்பது வயதுச் சின்ன மகன், நான் ஆகிய நால்வர். தாயார் வேலைக்குப் போயிருந்தார்.

காசு கட்டும் இடத்திலே பல வரிசைகள். அவற்றுள் ஒன்று பத்துப் பொருளுக்கு மேற்படாதவர்களுக்கு உரியது. தள்ளுவண்டி நிறையச் சாமான் வாங்கியவருக்குப் பின்னால், ஒரு போத்தல் பாலோடு வந்தவர் நெடுநேரம் நிற்கக்கூடாது என்பதற்காக வைத்த வரிசை அது. தலைக்கு மேலே பலகையும் தொங்கும். ஒரு காலத்தில் அப்பலகையிலே எழுதிய ஆங்கிலம் இலக்கணப் பிழை என்று அந்நாட்டவர் கண்டனம் தெரிவித்து, 2008 ஆம் ஆண்டிலே டெஸ்கோ நிறுவனத்தார் 'பத்துப் பொருள் வரை' என்று வாசகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. இலக்கணத்திலே காட்டிய அந்த அக்கறையை எண்ணிக்கையிலும் எல்லோரும் காட்டுவதாக நான் காணவில்லை.

எங்கள் வண்டியிலே முப்பத்தெட்டுச் சாமான். நீண்ட வரிசைகளை ஒரு முறை பார்த்த வீட்டுக்காரர், நாலு கூடைகளை எடுத்து வந்தார். மகளுக்குப் பத்து, மகனுக்குப் பத்து, தனக்குப் பத்து, மிகுதி எட்டும் எனக்கு. ஆளுக்கு ஒரு தாள் காசும் கையில் வைத்தார். "பாதர், சட்டப்படி ஒரு பிழையும் இல்லை" என்றார். குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நான், ஒரு பெட்டியில் உள்ள ஆறு முட்டை ஒரு பொருளா ஆறு பொருளா என்று வேடிக்கையாக ஒரு கேள்வியை எழுப்பி, ஒன்றே என்று தீர்ப்பும் கூறி, கூடையைக் கையில் எடுத்துக்கொண்டேன். கழுத்திலே குருவுக்குரிய வெள்ளைப் பட்டி. கையிலே பிறர் வீட்டு உருளைக்கிழங்கு. இந்தக் கோலத்தில் பத்துச் சாமான் வரிசையிலே நின்றேன்.

எனக்குப் பின்னால் சின்ன மகன். அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவர் கையிலே ஒரு பாணும் ஒரு பூனைத்தீன் டின்னும். நாங்கள் நால்வரும் கண்சாடை காட்டிக்கொள்வதை அவர் கண்டுவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. ஒன்றும் பேசவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"பாதர், பூசைக்குப் போனால் அப்பா எங்களை ஒரு குடும்பமாய் ஒரே வாங்கிலை இருக்கச் சொல்லுறவர். இங்கை ஏன் தெரியாத ஆக்கள் மாதிரி நிக்கச் சொல்லுறார்?"

தியானத்திலே மூன்று நாளாகக் குடும்பத்தைப் பற்றியே பிரசங்கித்தவன் நான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு மறுமொழியும் இருக்கவில்லை. "வீட்டை போய்ச் சொல்லுறன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

இரவு பத்து மணிக்கு மேல் தாயார் வீடு வந்தார். அவர் வேறொரு கடையிலே காசு வாங்கும் மேசையில் வேலை செய்கிறவர். இதை அப்போதுதான் அறிந்தேன். கணவர் எங்கள் கெட்டித்தனத்தைச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதத்தைத் தடவிக்கொண்டே பேசினார். அவர் சொன்னதை இயன்றவரை அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்.

"பதினஞ்சு, பதினெட்டுச் சாமானோடை வாறவையை எனக்குத் தூரத்திலை கண்டாலே தெரியும், பாதர். ஆனால் திருப்பி அனுப்பேலாது. வாடிக்கையாளரின்ரை முகம் கோணக்கூடாது எண்டு மேலிடத்துக் கட்டளை. பின்னுக்கு நிக்கிற சனம் அவரைப் பேசமாட்டுது. என்னைத்தான் முறைச்சுப் பார்க்கும். அவருக்கும் கோவம், இவருக்கும் கோவம், இரண்டும் என்ரை தலையிலைதான். ஒருத்தர் காசைக் கையிலை தராமல் மேசையிலை எறிஞ்சார், உருண்டு போனதை நான்தான் குனிஞ்சு பொறுக்கினன். சிலபேர் காதிலை போனை வைச்சபடி வந்து, என்ரை முகத்தையும் பாராமல் போவினம். எங்கடை ஆக்களும்தான். நான் தமிழ் எண்டு கண்டால், வண்டியோடை என்னட்டை வந்து, 'தங்கச்சி, நாங்கள்தானே, விடுமன்' எண்டு சொல்லுவினம்."

பிறகு கணவரைப் பார்த்து, "அந்தக் கடையிலும் ஆரோ ஒருத்தி என்னை மாதிரித்தான் இருந்திருப்பாள்" என்றார். வீட்டுக்காரர் தேத்தண்ணீர் போட எழுந்து போனார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. ஸ்கொட்லாந்து நாட்டிலே, கடை ஊழியரை அடிப்பதையும் பயமுறுத்துவதையும் ஏசுவதையும் தனிக்குற்றமாக்கி 2021 ஆம் ஆண்டிலே சட்டமொன்றே இயற்ற வேண்டியதாயிற்று. பாணும் பாலும் விற்கிறவர்களைக் காப்பாற்ற ஒரு சட்டம்!

இனி, அன்று நாங்கள் செய்த கெட்டித்தனத்தைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஒருவர் ஒரு சாமான் வாங்கினாலும் ஐம்பது வாங்கினாலும், வணக்கம் சொல்வது, அட்டையைத் தேடி எடுப்பது, காசு கட்டுவது, பற்றுச்சீட்டு வாங்குவது, பையைத் தூக்கிக்கொண்டு விலகுவது ஆகிய இவற்றுக்கு ஏறக்குறைய ஒரே நேரந்தான் செல்லும். சாமானைக் கணக்கிடும் வேலையோ விரைவானது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ட்ரோய் நகரிலே, 1974 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26 ஆந் திகதி, சூயிங்கம் பக்கற் ஒன்றின் கோட்டுக்குறியைக் கருவி முதன்முதலாக வாசித்த நாள் தொட்டு அது மேலும் விரைவாயிற்று. ஆகவே, ஒருவர் ஒரு தடவை காசு கட்டவேண்டிய இடத்திலே நாங்கள் நாலு தடவை கட்டினோம். எங்கள் நேரத்தை மிச்சம் பிடித்து, பின்னால் நின்ற கிழவரின் நேரத்தை எடுத்துக்கொண்டோம்.

கெட்டித்தனம் என்று நாம் சொல்லுகிற பல காரியங்கள் இப்படித்தான். செலவு இல்லாமற் போவதில்லை. அது வேறொருவர் கணக்கிலே விழுகிறது. அதிலும் யார் கணக்கில் என்று பாருங்கள். அந்தக் குறுகிய வரிசை வண்டி நிறைய வாங்குகிறவனுக்காக வைத்ததன்று. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்க முடிந்தவன், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற முதியவள், சுகமில்லாத பிள்ளைக்கு மருந்து வாங்க ஓடிவந்த தாய், பாரம் தூக்க மாட்டாதவர் ஆகிய கொஞ்சத்தோடு வருகிறவர்களுக்கு உரிய இடம் அது. கொஞ்சம் உள்ளவனுக்கென்று ஒதுக்கிய சிறு இடத்தையும் நிறைய உள்ளவன் எடுத்துக்கொள்வானாகில், அது நேரத்தைப் பற்றிய காரியமாக மட்டும் இருப்பதில்லை.

புனித அருளப்பர் எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திலே ஒரு வரிசையைக் காண்கிறோம். உண்மையில் வரிசையே இல்லாத இடம் அது. யெருசலேமில் ஆட்டு வாசலருகே ஐந்து மண்டபங்களையுடைய குளம். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்கே சுகம் என்று மக்கள் நம்பினார்கள். குருடர், முடவர், சூம்பிப்போனவர் எல்லோரும் கரையிலே கிடந்தார்கள். இப்படிப்பட்ட ஏற்பாட்டிலே யாருக்குச் சுகம் கிடைக்கும்? நோய் குறைந்தவனுக்கு! விரைந்து ஓடக்கூடியவனுக்கு! தூக்கிவிட ஆள் உள்ளவனுக்கு! முப்பத்தெட்டு வருடமாக நோயுற்றிருந்த ஒருவன், தன்னை இறக்கிவிட ஒருவரும் இல்லையென்றும், தான் போவதற்குள் வேறொருவன் முந்திவிடுகிறான் என்றும் ஆண்டவரிடம் முறையிடுகிறான்.

குருமடத்தில் படிக்கும்போது இப்பகுதியிலே நான் கவனியாத ஒன்றை, அன்றிரவு படுக்கையில் கிடந்தபோது கவனித்தேன். இயேசு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, மற்றவர்களைத் தள்ளிவிட்டு, முதலாவதாகக் குளத்தில் இறக்கவில்லை. அவருக்கு அது முடியாத காரியமா? முந்துகிறவனுக்கே எல்லாம் என்ற அந்த ஏற்பாட்டிலே அவர் பங்கெடுக்கவேயில்லை. கடைசியில் கிடந்தவனிடம் தாமே போனார். கிடந்த இடத்திலேயே அவனை எழுப்பினார்.

இப்போது வேறொரு சாராரைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "பாதர், நான் ஒருநாளும் பதினோராவது சாமான் கொண்டு போனதில்லை" என்று சொல்லக்கூடிய வாசகர்கள் இருப்பீர்கள். நல்லது. ஆனால், முன்னால் நிற்பவருடைய கூடையை எண்ணியதில்லையா? எட்டு, ஒன்பது, பத்து, அதோ பதினொன்று! கண்டுபிடித்துவிட்டோம் என்றவுடன் நெஞ்சில் எழுகிற கோபத்திலே ஒருவித இனிமையும் கலந்திருக்கிறதே, அதை நான் அறிவேன். ஆலயத்திலே நின்று, தன் நோன்பையும் அயலவனின் குற்றத்தையும் ஒருங்கே எண்ணிய பரிசேயனும் அதை அறிந்திருப்பான். அடுத்த வரிசை விரைவாகப் போகிறது என்று பொருமுகிறோம். மூன்று வரிசைகளில் எமது வரிசையே முதலில் முடிவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. இதற்கு முன்னால் நிற்கிற கிழவி குற்றவாளியா? மேசையில் இருக்கிற பெண் குற்றவாளியா?

வரிசையிலே நிற்க எங்கள் மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளிலே யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு நின்றவர் அந்த வீட்டுக்காரர். "பாதர், வாழ்க்கையில் நிக்கவேண்டிய கியூ எல்லாம் நான் நிண்டு முடிச்சிட்டன்" என்று மறுநாட் காலை என்னிடம் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டிலே நாமும் பெற்றோலுக்கு நாட்கணக்கில் காத்திருந்தோம். காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருந்தார்கள். காத்திருந்த இடத்திலேயே முதியவர்கள் சிலர் உயிர் விட்டதையும் நாடு கண்டது. அந்நாட்களிலே தேத்தண்ணீரைப் பகிர்ந்து, அடுத்தவரின் இடத்தைக் காத்துக் கொடுத்தவர்களை நான் அறிவேன். பின்வாசலால் எடுத்துப் போனவர்களையும் அறிவேன். அவர்களில் சிலர் ஞாயிறு பூசைக்கு முன்வாங்கில் இருந்தவர்கள்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்திலே, ஆண்டவரின் விருந்துக்குக் கூடும்போது சிலர் முந்தி உண்டுவிட, சிலர் பசியோடு இருப்பதைக் கண்டிக்கிறார். மிக எளிய புத்திமதியொன்று கூறுகிறார்: ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டுமாம். திருவிருந்தைப் பற்றிய அவ்வளவு உயர்ந்த போதனையின் முடிவிலே இவ்வளவு சாதாரணமான ஒரு சொல்லை அவர் வைத்திருக்கிறார்.

நெதர்லாந்திலே, யும்போ என்ற கடைக்காரர் 2019 ஆம் ஆண்டில் விளைமன் என்ற ஊரிலே ஒரு புதுமை செய்தார்கள். அவசரமில்லாதவர்களுக்கென்று ஒரு வரிசை! காசு வாங்குகிறவரோடு பேசிக்கொண்டே ஆறுதலாகச் சாமானை எடுத்து வைக்கலாம். தனிமையில் வாடுகிற முதியவர்களை நினைத்து வைத்தது; பின்னர் வேறு கிளைகளிலும் வைத்தார்கள். விரைவு வரிசையை எதிர்க்கும் காரியம் என்று இதைச் சிலர் எண்ணலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாணோடு நிற்கிறவனுக்கு நேரம் தேவை, பேச ஆளில்லாதவளுக்கு முகம் தேவை. இரண்டையும் யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார்.

தாயாரிடம், நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டேன். பெரிய காரியமெதையும் அவர் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும். முறை வருமுன்னரே காசையோ அட்டையையோ எடுத்து வைத்திருக்க வேண்டும். கூடையில் கூடிப்போயிருந்தால் மற்ற வரிசைக்குப் போகவேண்டும். "ஒருக்கா முகத்தைப் பார்த்தாலும் காணும், பாதர்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் அதே கடை. வீட்டுக்காரர் கூடைகள் இருந்த பக்கம் திரும்பவில்லை. ஒரே வண்டியைத் தள்ளிக்கொண்டு நீண்ட வரிசையிலே போய் நின்றார். நாங்களும் நின்றோம். கால் மணிக்கு மேல் சென்றது. தான் பார்த்த ஒரு படத்தின் கதையைப் பையன் எனக்கு முழுவதுமாகச் சொல்லி முடித்தான், ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் முறை வந்ததும், மேசையில் இருந்த பெண் எங்கள் நால்வரையும் பார்த்து, எல்லாம் ஒரே கணக்கா என்று கேட்டாள். தகப்பன் வாய் திறக்குமுன் பையன் உரத்து, ஆம் என்றான்.

வெளியே வந்து வண்டியிலே சாமானை ஏற்றும்போதுதான் பால் வாங்க மறந்தது தெரிந்தது. வீட்டுக்காரரும் நானும் திரும்பிப் போய், ஒரு போத்தல் பாலை எடுத்துக்கொண்டு பத்துச் சாமான் வரிசைக்கு வந்தோம். எங்களுக்கு முன்னால் ஒருவர். அவர் கூடை நிரம்பி வழிந்தது. வீட்டுக்காரருடைய உதடுகள் மெல்ல அசைவதைக் கண்டேன், எண்ணுகிறார். பதினாறில் நின்றதென்று நினைக்கிறேன். பின்பு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் அவசரமாகத் தலைக்கு மேலே தொங்கிய பலகையைப் பார்த்துக்கொண்டேன்.