மேட்டுப்பாளையத்துக் காற்று, ஊட்டிக் காற்று

வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் பெட்ரோல்தான் முன்னால் வந்து நிற்கிறது. விலை, மைலேஜ், கலப்படம். ஆனால் என்ஜின் உட்கொள்வதில் பெரும்பங்கு காற்று. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேல். பங்க்கில் நாம் போடுவது சிறு பங்குதான். மற்றதை வழியெல்லாம் வண்டியே எடுத்துக்கொள்கிறது. அந்தக் காற்று எல்லா ஊரிலும் எல்லா வேளையிலும் ஒன்றாக இருப்பதில்லை.

*

திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் 350. சிலிண்டரின் கொள்ளளவு 346 சி.சி. மார்கழி விடியலிலும் கத்திரி வெயிலிலும் அதே 346தான். உள்ளே போகும் காற்றின் எடை மட்டும் வேறு. கடல் மட்டத்தில், 15 டிகிரியில், ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. 40 டிகிரியில் 1.13 கிலோதான். உச்சி வெயிலில் பிக்கப் மந்தமாவதற்கு இது ஒரு காரணம். சூடான காற்றில், பெட்ரோல் கலவை தானாக வெடித்து என்ஜின் தட்டும் நாக்கிங்கும் சீக்கிரம் வரும்.

*

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் காற்று கனத்துக் கிடப்பதாக உடம்பு சொல்கிறது. உண்மை நேர்மாறு. நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட லேசானது. அவற்றை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் அது உட்காருகிறது. 35 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் ஏறத்தாழ 4 சதவீதம் நீராவிதான். அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. ஆனாலும் மழை விட்ட இரவில் வண்டி மிருதுவாக ஓடுவது பிரமையல்ல. காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கிறது, ஈரமோ எரிதலை மெதுவாக்கி நாக்கிங்கை அடக்குகிறது. என்ஜின் திறனை அளப்பவர்கள் இதையெல்லாம் கழித்துப் பார்ப்பதற்கென்றே எஸ்.ஏ.இ. ஜே 1349 என்று ஒரு தரமுறை இருக்கிறது. 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் அழுத்தம், ஈரமே இல்லாத காற்று. சென்னையில் ஒருநாளும் வீசாத காற்று அது.

*

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி. சுமார் 50 கிலோமீட்டர் சாலையில் 300 மீட்டர் சொச்சத்திலிருந்து 2,240 மீட்டருக்கு ஏறுகிறோம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஊட்டியில் காற்றழுத்தம் ஏறத்தாழ கால்வாசி குறைவு. குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டுகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் சென்னைக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்த காற்று.

கார்ப்பரேட்டருக்கு எடை தெரியாது. காற்று குறுகிய குழாய் வழியே விரையும்போது உண்டாகும் அழுத்தக் குறைவுதான் அதற்குத் தெரிந்த ஒரே செய்தி. அந்தக் கணக்கில் ஒரு வர்க்கமூலம் ஒளிந்திருக்கிறது. அதனால் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது ஜெட் வழியே வரும் பெட்ரோல் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. மலை ஏற ஏறக் கலவை தானாகவே ரிச் ஆகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் மிகுகிறது. ஐட்லிங் தடுமாறும், சைலன்சரில் கரும்புகை வரும், நிறுத்தினால் பெட்ரோல் வாடை அடிக்கும்.

நல்ல மெக்கானிக் வேறு எதையும் தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். முனையில் கரி படிந்திருந்தால் ரிச். வெளுத்திருந்தால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. பிஸ்கட் நிறம் இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தச் சில நொடிப் பார்வையின் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே திருகிவிட்டால் மலைக்கு ட்யூனிங் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஐட்லிங்குக்கும் த்ராட்டில் லேசாகத் திறந்திருக்கும் வரைக்கும்தான். பாதித் திறப்பில் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்ற வேண்டும். முழுத் திறப்பில் மெயின் ஜெட்டையே சிறியதாக மாற்ற வேண்டும். இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதற்கு இவ்வளவும் தேவையில்லை என்பது என் எண்ணம். ஏறும்போது வரும் தொல்லை தொல்லை மட்டுமே. மலைக்கென்று மாற்றிய அளவோடு சமவெளிக்கு இறங்கி வேகம் பிடிப்பதுதான் ஆபத்து. லீனாகிப் போன கலவையில் சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம்.

*

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளில் கார்ப்பரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார்கள் அளக்கின்றன. சைலன்சருக்குப் போகும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை இன்னொன்று பார்க்கிறது. அதற்கேற்ப இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஊருக்கு நல்லது, நுரையீரலுக்கும் நல்லது. ஆனால் கலவையின் விகிதத்தைத்தான் அதனால் காக்க முடியும். மலையில் இல்லாத காற்றை வரவழைக்க முடியாது. அதற்கு டர்போ வேண்டும். டர்போ இல்லாத வண்டி, எவ்வளவு புதியதாக இருந்தாலும், குன்னூரைத் தாண்டும்போது பலம் குறைந்துதான் ஏறும். பின்னால் ஆளும் மூட்டையுமாக டாப் கியரிலேயே அதை இழுக்கவைப்பதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. குன்னூருக்கு முன்னால் வரும் பர்லியாறிலேயே ஒரு கியர் இறக்கி, என்ஜின் லேசாகச் சுற்றும்படி விட்டு ஏறலாம். ஊட்டிக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனால் போதும்.