விதியும் விலக்கும்

ஒழுக்கவியலை ஆராய்வோர் விதிகளை நோக்குமளவிற்கு விதிவிலக்குகளை நோக்குவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எதனை உண்மையில் மதிக்கின்றது என்பதை, அது இயற்றும் விதியினும் அது வழங்கும் விலக்கே தெளிவாகக் காட்டும். பெரும் விளையாட்டுப் போட்டிகளின்பொருட்டு மது விற்பனைக்குத் தற்காலிக அனுமதி வழங்கலாமா என்னும் வினா இவ்வகையில் ஆராயத்தக்கது.

2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தன் மது உரிம விதிகளைத் திருத்தித் திருமண மண்டபங்கள், மாநாட்டு மண்டபங்கள், விளையாட்டரங்குகள் ஆகியவற்றிற் சிறப்பு உரிமத்துடன் மது பரிமாற வழிவகுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் திருமண மண்டபங்கள் நீக்கப்பட்டன, விளையாட்டரங்குகள் எஞ்சின. மண விழாவிற்கு ஆகாதது விளையாட்டிற்கு ஆவது எங்ஙனம்? பெண்டிரும் சிறுவரும் இரண்டிடத்தும் உளர். மண்டபத்திற்காகப் பேசக் குடும்பங்கள் இருந்தன. அரங்கமோ எவருடைய இல்லமுமன்று. வேறுபாடு அறத்தின்பாற்பட்டதன்று, குரலின்பாற்பட்டது எனலாம்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டமும் இதனையே உணர்த்தும். அரங்குகளில் நிகழ்ந்த வன்செயல்களைக் கருதிப் பிரேசில் அங்கு மது விற்பனையைத் தடுத்திருந்தது. 2014ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும்பொருட்டு 2012இல் தனிச்சட்டம் இயற்றி அத்தடையைத் தளர்த்தியது. கட்டார் நாடோ 2022இல், போட்டி தொடங்க இருநாள் இருக்கையில், அரங்கச் சுற்றுப்புறங்களில் பியர் விற்பனையை நிறுத்தியது. எனினும் செல்வர்க்குரிய தனியறைகளில் மது தடைப்படவில்லை. முன்னதில் அமைப்பாளர் விருப்பின்முன் விதி வளைந்தது. பின்னதில் விதி எளியோர்க்கு ஒன்றும் வலியோர்க்கு வேறொன்றுமாய் நின்றது.

தற்காலிக அனுமதியை ஆதரிப்போர் கூற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. தடுத்தால் மது மறைவில் விற்கப்படும்; அனுமதித்தால் விற்பவர் யார், எந்நேரம் விற்பர் என்பன வரையறுக்கப்படும்; வயதுவந்தோரின் உரிமையும் பேணப்படும் என்பர். நம் நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதோர்க்கு மது விற்பதையும், மது விளம்பரத்தையும் தடுப்பதால், ஒழுங்குடன் விற்பது இயலும் என்றும் வாதிடலாம். மேலும், போயா தினத்தில் மதுக்கடைகளை மூடுதலும் ஒருநாள் விலக்கேயன்றோ? ஒருநாள் மூடலாமெனில் ஒருநாள் திறத்தலில் தவறென்ன என அவர் வினவக்கூடும்.

இரண்டும் ஒருநாள் விலக்கே. ஆயினும் அவற்றின் சுமை விழுமிடம் வேறு. போயா தினத்தில் இடர்ப்படுபவர் மது வேண்டுவோர்; அவ்விடரும் மறுநாள் தீரும். சிறப்பு அனுமதியின் சுமையோ பெரிதும் அதனை வேண்டாதோர்மேல் விழுகின்றது. அது மறுநாள் தீருமென்னும் உறுதியுமில்லை.

நம் தீவுகளை எண்ணிப் பார்த்தால் இது தெற்றென விளங்கும். நெடுந்தீவில் ஒரு பெரும் போட்டி நடப்பதாகவும், அதற்கென ஒருநாள் அனுமதி வழங்கப்படுவதாகவும் கொள்வோம். மாலையிற் கடைசி வள்ளம் குறிகட்டுவானுக்குப் புறப்பட, வந்தோர் மீள்வர். வருவாயும் அவருடன் செல்லும். எஞ்சுவோர் தீவார். அன்றிரவு ஒருவன் தலையில் அடிபட்டு வீழ்ந்தானாயின், மேற்சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒருமணி நேரக் கடலையும், அதன்பின் யாழ்ப்பாணம்வரையுள்ள தரைவழியையும் கடத்தல் வேண்டும். அடித்தவனும் அடிபட்டவனும் மறுநாள் ஒரே இறங்குதுறையில் நிற்றல் வேண்டும். அனுமதிப்பத்திரம் நள்ளிரவோடு காலாவதியாகும். பகைக்கும் ஊனத்திற்கும் அத்தகைய காலவரையறை இல்லை.

இன்னுமொன்று நம்மை நாமே வினவத்தக்கது. பனையேறிக் கள்ளிறக்கும் சீவல் தொழிலாளியின் உழைப்பை இழிவாகவும், அவன் கள்ளை ஊர்க்கேடாகவும் காலங்காலமாய்ப் பேசிவந்தோம். கேடெனக் கூறியது மெய்யாயின், பன்னாட்டு நிறுவனத்தின் பெயர் பொறித்த போத்தல் ஒருநாள் விருந்தோம்பலாக மாறுவதெங்ஙனம்? மதுவன்றி, அதனை விற்போன் நிலையே நம் தீர்ப்பை நிறுவுமாயின், நாம் பேசியது அறமன்று, சாதியாணவமே. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் கள்ளின் விலையையோ விற்போன் குலத்தையோ பொருட்படுத்தவில்லை. அறிவு மயங்குதலையே குறையெனக் கொண்டது.

ஆகவே விதிவிலக்கே கூடாதென யான் வாதிடவில்லை. விலக்கு அறமாவதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, அது உயர்ந்தோர் இருக்கைக்கும் திறந்த வெளிக்கும் பொதுவாதல். மற்றொன்று, அதன் சுமையைத் தாங்குவோரிடம் முன்னரே கேட்டறிதல். 1920களில் குடாநாட்டின் பல பகுதிகளில் தவறணைகள் வேண்டுமா வேண்டாவா என ஊரவரே வாக்களித்துத் தீர்மானித்த வரலாறு நமக்குண்டு. அன்று பொருந்திய அவ்வுரிமை ஒருநாளுக்குப் பொருந்தாதிருத்தல் நேர்மையாகாது.

விளையாட்டென்பது இருதிறத்தாரும் ஒரே விதிக்குட்பட்டு நிற்றலாலேயே விளையாட்டாகின்றது. அதனைக் கொண்டாடும் நாளில் விதியைத் தளர்த்தலாமா என்பதைக் கடைசி வள்ளத்தில் மீள்வோர் தீர்மானித்தல் ஆகாது. அவ்வள்ளம் சென்றபின் தீவில் எஞ்சுவோரே தீர்மானித்தல் வேண்டும்.