ஆடுவது சைட்டா, நீயா?

"சைட் ஆடுது சார்!"

சுட்டு முடித்தாய். அட்டையைப் பார்த்தாய். ஓட்டைகள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. உடனே உன் வாயில் வரும் முதல் சொல் இதுதானே?

ரைஃபிளின் சைட் ஆடலாம். இல்லை என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு ஆடுகிறது?

சொல்! எந்தப் பக்கம் ஆடுகிறது? விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்புகிறதா? போன இடத்திலேயே நின்றுவிடுகிறதா?

தெரியாது. பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை!

பார்க்காமலே எப்படிப் பழி போட்டாய்?

தாம்பரத்திலோ செலையூரிலோ ஊரப்பாக்கத்திலோ, விடிவதற்கு முன்பே எழுந்து என்.சி.சி. உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாயே, உன்னிடம்தான் பேசுகிறேன். தம்பி, நீ கேள். தங்கச்சி, நீயும் கேள்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல். அடுத்தது பரங்கிமலை. ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கும் ஊர். 1963-இல் தொடங்கிய இடம். 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

என்.சி.சி. 'சி' சான்றிதழ் வைத்திருக்கும் பட்டதாரிக்கு அங்கே போகத் தனி வழியே உண்டு. எழுத்துத் தேர்வு கிடையாது. நேரே எஸ்.எஸ்.பி. நேர்காணல்தான்! அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தானே சிட்டிக்குப் போய் வருகிறாய்? ரைஃபிளைக் குறை சொல்லிக்கொண்டு நிற்க உனக்கு நேரம் இருக்கிறதா?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். இரும்பு சைட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது குற்றமில்லை.

சில ரைஃபிள்களின் மேல் டெலஸ்கோப் சைட் இருக்கும். அது உடைந்தால்? பேட்டரியில் ஓடும் சைட் என்றால், பேட்டரி தீர்ந்தால்? அப்போது கைகொடுக்கத்தான் ஒரு துணை சைட்டை மடக்கி வைத்திருக்கிறார்கள். மடக்க வேண்டுமென்றால் கீல் வேண்டும். கீல் அசைய வேண்டுமென்றால் இடைவெளி வேண்டும்.

அந்த இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் என்ன ஆகும்? மணலும் துருவும் ஏறிய நாளில் சைட் நிமிரவே நிமிராது! ஆபத்து நேரத்தில் நிமிராத சைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. முன்னும் பின்னுமாக, நீ குறிபார்க்கும் கோட்டிலேயே மயிரிழை அசைந்தால் குண்டு அநேகமாக விலகாது. பக்கவாட்டில் அசைந்தால் விலகும். மேலும் கீழும் அசைந்தாலும் விலகும். கண்ணுக்கு அருகில் இருக்கும் பேக்சைட் வலப்பக்கம் நகர்ந்தால் குண்டும் வலப்பக்கம். மேலே ஏறினால் குண்டும் மேலே.

எவ்வளவு விலகும்? கணக்குப் போடு! பயப்படாதே, பள்ளிக்கூடத்தில் படித்த வடிவொத்த முக்கோணம்தான்.

பேக்சைட்டுக்கும் பேரல் நுனியில் இருக்கும் ஃபோர்சைட்டுக்கும் நடுவே அரை மீட்டர் என்று வைத்துக்கொள். பேக்சைட் பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு தாளின் கனம். 25 மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையில் குண்டு எவ்வளவு விலகும்? 5 மில்லிமீட்டர். 100 மீட்டரில் 20 மில்லிமீட்டர்.

இப்போது உன் அட்டையை எடு!

25 மீட்டரில் உன் ஐந்து குண்டும் எவ்வளவு அகலத்துக்குப் பரவிக் கிடக்கின்றன? 10 சென்டிமீட்டரா? அத்தனையும் சைட்டின் வேலை என்றால் அது 2 மில்லிமீட்டர் ஆட வேண்டும். 2 மில்லிமீட்டர்! அதைப் பார்க்கக் கருவியே வேண்டாம், கண்ணே போதும்.

அப்படி ஆடவில்லையே! பிறகு அந்தச் சிதறல் யாருடையது?

டிரிக்கரை அழுத்தாமல் சுண்டி இழுத்த விரலுடையது. சத்தம் வருவதற்கு முன்பே மூடிக்கொண்ட கண்ணுடையது. நிற்க வேண்டிய நொடியில் நிற்காத மூச்சுடையது.

வலிக்கிறதா? வலிக்கட்டும்! இதைவிட நல்ல செய்தி உனக்கு வேறில்லை. சைட்டை மாற்ற, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும், அனுமதி வேண்டும். உன் விரலைப் பழக்க யார் வேண்டும்? நீ போதும்!

பயிற்சியாளர் முன்னால், ரைஃபிளில் குண்டு இல்லை என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகு, பேரல் மேல் ஒரு நாணயத்தை வைக்கச் சொல். டிரிக்கரை அழுத்து. நாணயம் விழுந்ததா? மறுபடி. விழுந்ததா? மறுபடி! விழாமல் நிற்கும்வரை எழுந்திருக்காதே.

சரி, உண்மையாகவே ரைஃபிளில்தான் பழுது என்றால்?

அப்போது வாயைத் திற! நிறையப் பேர் தோற்பது இங்கேதான். ஹவில்தார் திட்டுவார் என்று பயம். சுடத் தெரியாமல் சாக்குச் சொல்கிறான் என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்று பயம். ஆதாரத்தோடு போகிறவனுக்கு எதற்குப் பயம்?

ஆதாரத்தை உண்டாக்கு. அனுமதி கேட்டு, மணல் மூட்டையில் ரைஃபிளைத் தாங்கி வைத்து ஐந்து குண்டு சுடு. குண்டு இல்லாத நிலையில் சைட்டை விரலால் இடப்பக்கம் தள்ளி விடு. இன்னொரு அட்டையில் ஐந்து. பிறகு வலப்பக்கம் தள்ளி விடு. மூன்றாவது அட்டையில் ஐந்து. மடக்கும் சைட் என்றால் மடக்கி நிமிர்த்தி இன்னும் ஐந்து.

அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடி. ஓட்டைகள் ஒரே இடத்தில் கூடுகின்றனவா? அந்த ஆட்டம் இயல்பானது, சைட் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. இனி அதைப் பற்றிப் பேசாதே, சுடு! ஒவ்வொரு கூட்டமும் நெருக்கமாக இருந்தும் இடம் மட்டும் மாறிக்கொண்டே போகிறதா? சைட்தான் குற்றவாளி. ஒவ்வொரு கூட்டமுமே சிதறிக் கிடக்கிறதா? திரும்ப நாணயத்திடம் போ.

திருகு தளர்கிறதோ என்று சந்தேகமா? ஆர்மரரிடம் சொல். திருகின் தலையிலிருந்து அடிப்பாகம்வரை ஒரு கோடு, நெயில் பாலிஷ் போதும், போட்டு வைப்பார். நாலு நாள் சுட்ட பிறகு கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்! நீயாகத் திருகில் கை வைக்காதே.

அபினவ் பிந்த்ராவைத் தெரியும்தானே? 2004, ஏதென்ஸ் ஒலிம்பிக். 10 மீட்டர் ஏர் ரைஃபிள். தகுதிச் சுற்றில் 600-க்கு 597. இறுதியில் ஏழாவது இடம்! அவர் நின்ற இடத்தில் தரை ஓடே ஆடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

அதையே சொல்லிக்கொண்டு வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உட்கார்ந்தாரா?

2008, பெய்ஜிங். தகுதிச் சுற்றில் 596. இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்க்கச் சுடுகிறார். குண்டு மையத்தை விட்டு எங்கோ போய் விழுகிறது! சைட் இடம் மாறியிருக்கிறது. அந்தப் போட்டியில் 10-ஆம் வளையம் அரை மில்லிமீட்டர் அகலம்தான். கையில் இருப்பது சில நிமிடங்களே.

கத்தினாரா? ரைஃபிளைக் கீழே வைத்தாரா? எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தார். அத்தனை கிளிக் திருப்பினார். மறுபடி சுட்டுப் பார்த்தார். கணக்கில் சேர்ந்த முதல் குண்டு 10.7. கடைசிக் குண்டு 10.8. மொத்தம் 700.5. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம்!

அதே பெய்ஜிங்கில் இன்னொருவரும் சுட்டார். நம் சென்னையில் பிறந்த ககன் நாரங். 595 எடுத்தார். எட்டாவது இடத்துக்காரருக்கும் அதே 595. சமன் முறிக்கும் விதியில் இறுதி வாய்ப்பு போனது! நான்கு ஆண்டு கழித்து லண்டனில் 701.1 எடுத்து வெண்கலத்தோடு நின்றார். அந்த நான்கு ஆண்டும் அவர் விதியைத் திட்டியா கழித்திருப்பார்?

உன்னிடம் என்ன குறை? விலை உயர்ந்த ரைஃபிள் இல்லை. சொந்தமாக ரேஞ்ச் இல்லை. ஆண்டுக்குக் கிடைக்கும் குண்டும் குறைவு. எல்லாம் உண்மை. குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு வை! எந்த ரைஃபிள், என்ன நம்பர், குண்டு எங்கே விழுந்தது, டிரிக்கர் விடும்போது ஃபோர்சைட் டிப் எங்கே நின்றது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதாதா?

அடுத்த ஃபயரிங் எப்போது? இன்றைக்கே ஹவில்தாரைப் போய்ப் பார். "சார், இந்த ரைஃபிள் சைட்டைச் சோதிக்க வேண்டும், மூன்று அட்டை வேண்டும்" என்று நிமிர்ந்து நின்று கேள். இல்லை என்று சொன்னால் அடுத்த வாரமும் கேள்!