பாதியில் எழுந்து போகலாமா?



"ஆன்லைன் செஸ் டோர்னமென்ட்ல பேர் குடுத்துட்டு, வேலை ஜாஸ்தியாச்சுன்னு பாதியில விலகினா தப்பாண்ணா? காசு கட்டல, கையெழுத்துப் போடல. சும்மா கேம்தானே?"

காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும் என் சித்தப்பா பையன் கேட்டது. கார்த்திகை மாசம் நானே ஒரு லீக்கிலிருந்து விலகியிருந்தேன், அதை வைத்துத்தான் கேட்டான். நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவன் சொன்ன காரணத்துக்காக இல்லை. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

எங்கள் லீக்கில் டீமுக்கு ஐந்து பேர். வாரம் ஒரு ஆட்டம், ஆளுக்கு 45 நிமிஷம், மொத்தம் எட்டு வாரம். எதிராளியோடு மெசேஜில் பேசி நேரம் குறித்துக்கொள்ளணும். ஐப்பசியில் பேர் கொடுத்தபோது என் வாழ்க்கை நிதானமாக இருந்தது. நான் தாண்டிக்குடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் ஆள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஊரே அடங்கிவிடும், செஸ்ஸுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மூன்றாவது ரவுண்டு முடிந்த வாரம் அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து தோட்டத்துக்கு இறங்க முடியாமல் போச்சு. அதே வாரம் காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்தது.

கீழே இருக்கிறவர்களுக்கு இது புரிய ஒரு வார்த்தை. காப்பிப் பழம் யாருக்காகவும் காத்திருக்காது. பழுத்ததை எடுக்காவிட்டால் செடியிலேயே காயும், மழை அடித்தால் உதிரும். எல்லாம் ஒரே நாளில் பழுக்கவும் செய்யாது, அதனால் அதே செடிக்குத் திரும்பத் திரும்பப் போகணும். பறித்ததை அன்றைக்கே மெஷினில் போட்டுத் தோலை எடுத்துவிடணும், மூட்டையிலேயே விட்டால் புளித்து வாடை வந்துவிடும். அப்புறம் களத்தில் காயப்போட்டு, மேகம் கூடினால் தார்ப்பாயோடு ஓடணும். இதற்கு நடுவில் ஆபீஸில் ரிலீஸ் வேறு. சரி, என் கதை போதும்.

"சும்மா கேம்தானே" என்பதை எடுத்துக்கொள்வோம். பணம் கட்டியிருந்தால் பணம் நம்மைப் பிடித்து வைக்கும். ஒப்பந்தம் இருந்தால் சட்டம் பிடித்து வைக்கும். இலவச லீக்கைப் பிடித்து வைத்திருப்பது ஐம்பது அறுபது பேர் சொன்ன சொல் மட்டும்தான், கீழே வேறு தூணே கிடையாது. அதனால் இங்கே சொல்லுக்கு எடை கூடுதல் என்பது என் கட்சி.

நாம் போவதால் யாருக்கு என்ன ஆகிறது என்றும் பார்க்கணும். எல்லா டோர்னமென்டும் ஒன்றில்லை. அரீனா வகையில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம், அமைப்பே அப்படி. அதில் விலகுவதைப் பற்றி யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்விஸ் வகையில், முன்கூட்டியே சொன்னால் அடுத்த ரவுண்டில் உங்களுக்கு ஜோடி போட மாட்டார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் போனால் எதிரில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு பாயின்ட் கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. வேறு நாட்டில் இருந்துகொண்டு நமக்காக விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்தவராகக்கூட இருக்கலாம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சமநிலையை உடைக்கும் புக்கோல்ஸ் கணக்கு, நாம் யார் யாரோடு ஆடினோமோ அவர்களுடைய பாயின்ட்டைக் கூட்டித்தான் வரும். நாம் விலகி நம் பாயின்ட் நின்றுபோனால், ஏற்கெனவே நம்மோடு ஆடி முடித்தவரின் கணக்கிலும் அது கை வைக்கும். இதைச் சரிக்கட்ட ஃபிடே தனியாக விதி எழுதி வைத்திருக்கிறது.

எல்லாரும் எல்லாரோடும் ஆடும் ரவுண்ட் ராபினுக்கு ஃபிடே வைத்திருக்கும் விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாதி ஆட்டங்களுக்கு முன்பே ஒருவர் விலகினால், அவர் ஆடிய ஆட்டங்கள் ரேட்டிங்குக்காகப் பதிவில் இருக்கும், ஆனால் இறுதி வரிசைக்கு எண்ணப்படாது. பாதியைத் தாண்டிய பிறகு விலகினால், மீதி எல்லா ஆட்டமும் எதிராளிகளுக்கு வெற்றி. போகிறவரைத் தண்டிக்கிற எண்ணம் இதில் இல்லை. இருப்பவர்களுக்குள் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம் என்று ஆகிவிடக் கூடாது என்கிற கவலைதான் இருக்கிறது.

1967-ல் துனீசியாவின் சூஸ் நகரில் நடந்த இன்டர்சோனலில் பாபி ஃபிஷர் 10 ஆட்டத்தில் 8.5 பாயின்ட். ஒரு தோல்விகூட இல்லை. அவர் சார்ந்த சபையில் சனிக்கிழமை ஓய்வு நாள். அதை ஒட்டி அட்டவணையில் தகராறு வந்து விலகிவிட்டார். பாதி ஆட்டம்கூட ஆகியிருக்கவில்லை என்பதால் அந்த 8.5-ம் வரிசையில் இல்லாமல் போனது. போட்டியை லார்சன் ஜெயித்தார். முன்னணியில் இருக்கும்போது எழுந்து போனார் என்பதால் ஃபிஷர் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. தோற்றுக்கொண்டிருக்கும்போது வரும் "பிஸி" மேல் எனக்குச் சந்தேகம் அதிகம்.

அதனால் விலகுவதற்கு முன் என்னையே இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டேன். மூன்றுக்கு மூன்றும் ஜெயித்திருந்தாலும் விலகுவேனா? விலகினால் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகும்? ரீல்ஸுக்கும் ஐபிஎல் ஏலத்துக்கும் போகுமென்றால் "வாழ்க்கை பிஸி" என்கிற வார்த்தையை எடுக்கவே கூடாது. எனக்கு அது களத்துக்கும் அப்பாவுக்கும்தான் போனது.

"பிரக்ஞானந்தா பரீட்சையை வெச்சுக்கிட்டே ஆடினாரே" என்று தம்பி கேட்டான். உண்மைதான். 2022 மே மாதம் ஆன்லைனில் நடந்த செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் போட்டியில், அரையிறுதியில் அனீஷ் கிரியை ஜெயித்தபோது இங்கே ராத்திரி மணி 2. காலை 8:45-க்குப் பள்ளியில் இருக்கணும் என்று அவரே சொன்னார். 11-ஆம் வகுப்புத் தேர்வு. பிறகு ஃபைனலில் டிங் லிரனிடம் டைபிரேக் வரை போய்த் தோற்றார். படிக்கும்போதே சிலிர்க்கிற விஷயம்தான். ஆனால் இதை வைத்து நம்மை நாமே அடித்துக்கொள்வது நியாயமா? அவருக்குச் செஸ்தான் வாழ்க்கைப் பாதை. பரீட்சைதான் நடுவில் வந்தது. எனக்குத் தோட்டமும் வேலையும்தான் பாதை, செஸ்தான் நடுவில் வந்தது. அவர் செய்ததில் நான் எடுத்துக்கொள்வது, தனக்கு எது முதல் என்று 16 வயதிலேயே தெரிந்திருந்ததை.

விலகாமல் ஒட்டிக்கொண்டு இருப்பதிலும் ஒரு பொய் உண்டு. களத்தில் தார்ப்பாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனில் குதிரையை நகர்த்தலாம். பெயர் பட்டியலில் இருக்கும், "நான் சொன்ன சொல் தவறாதவன்" என்று பெருமையும் இருக்கும். எதிரில் இருப்பவர் 45 நிமிஷம் தன் முழு மனசையும் கொண்டுவந்து வைத்திருப்பார். அவருக்கு நான் கொடுப்பது வெறும் விரலை. சொல்லாமல் காணாமல் போவதற்கும் இதற்கும் பெரிய தூரம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

"முருகனே பழம் கிடைக்கலேன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவர்தானே" என்று தம்பி கடைசி அஸ்திரத்தை விட்டான். எங்கள் ஊர்ப் பேருக்கே அந்தக் கதைதான். பழநிக்கு இங்கிருந்து தாண்டிக் குதித்தார், தாண்டிக்குதி என்பதே தாண்டிக்குடி ஆனது என்று பாலமுருகன் கோயிலில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கதையைச் சரியாகப் பாருங்கள். உலகத்தைச் சுற்றப் போனவர் முழுசாகச் சுற்றி முடித்துவிட்டுத்தான் வந்தார். கோபம் வந்தது அதற்கப்புறம். போன பிறகும், எங்கே போனார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மையும் அப்பனும் தேடி வர முடிந்தது, அவ்வை வந்து பேச முடிந்தது. யாருக்கும் தெரியாத காட்டுக்குள் அவர் போய் உட்கார்ந்துவிடவில்லை.

ஒன்றும் சொல்லாமல் போனால் காரணத்தை மற்றவர்களே எழுதிக்கொள்வார்கள். 2022 செப்டம்பரில் சின்க்ஃபீல்ட் கோப்பையில் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற மறுநாள் கார்ல்சன் விலகினார். அப்போது காரணம் சொல்லவில்லை, ஒரு வீடியோ துண்டு மட்டும் போட்டார். விளக்கம் வந்தது மூன்று வாரம் கழித்து. அந்த மூன்று வாரத்தில் உலகம் பேசாத பேச்சில்லை. நம் லீக் அவ்வளவு பெரிசில்லை, ஆனால் "ஆளு பயந்துட்டான்", "ஆளுக்கு என்னாச்சோ" என்று ஐந்து பேர் டீமிலும் அதேதான் நடக்கும்.

நான் செவ்வாய்க்கிழமை காலையில், நாலாவது ரவுண்டுக்கு ஜோடி போடுவதற்கு முன்பே கேப்டனுக்கு எழுதினேன். அவர் சிங்கப்பூரில் இருக்கிற ஒரு அண்ணன். "அண்ணே, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, காப்பி எடுப்பும் ஆரம்பிச்சாச்சு. மீதி அஞ்சு ரவுண்டும் என்னால முடியாது. மாத்து ஆள் கிடைக்கிற வரைக்கும் இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் வேணும்னா ஆடறேன்." பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "ஞாயிறு வேணாம் தம்பி, ஆள் இருக்கு. அப்பாவைப் பாருங்க."

என் போர்டில் உட்கார்ந்தவர் ஐந்தில் மூன்று ஜெயித்தார். நான் இருந்திருந்தால் அவ்வளவு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அடுத்த சீசன் பங்குனியில், அதற்குள் களம் காலியாகிவிடும். ஆனாலும் அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியிருக்கு, வாரம் ஒரு ஆட்டம் என்று இப்போதே சொல்ல முடியாது. அதனால் மாற்று ஆட்டக்காரர் என்றுதான் பேர் கொடுத்திருக்கிறேன்.